கருவி வந்தது, காப்பது யார்?

திருக்கழுக்குன்றத்தில் சித்திரைத் தேர் ஓடும் நாளில் வடம் பிடிக்கக் கைகளுக்குப் பஞ்சமில்லை. தேர் நிலைக்கு வந்த பின்னர் அச்சுக்கு எண்ணெயிடவும், மழை படாமல் கூரை அமைக்கவும் எத்தனை கைகள் முன்வருகின்றன? நம் சங்கங்களின் மேசைகளில் வந்து அமர்ந்திருக்கும் கணினிகளைக் காணுந்தோறும் இக்கேள்வியே நம் மனத்தில் எழுகின்றது.

தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. நாடு முழுவதும் 63,000 சங்கங்கள், 2,516 கோடி ரூபாய், ஐந்து ஆண்டுகள் என்பது அன்று வகுத்த கணக்கு. இதற்கு முன்னரே தமிழ்நாட்டில் பல சங்கங்கள் இ-சேவை மையங்களை நடத்தி வருகின்றன. வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல் விண்ணப்பம் ஆகியவற்றைச் சங்கத்திலேயே பதியலாம். இது சிறு நன்மையன்று. மாமல்லபுரத்துக் கடற்கரையோரச் சிற்றூரில் வாழும் ஓர் உழவர், ஒரு சான்றுக்காகத் திருக்கழுக்குன்றம் தாலுகா அலுவலகத்துக்கு இருமுறை அலைந்தால் இரண்டு நாள் வேலை போயிற்று. நெசவாளர்க்கோ, தறி நின்ற நாள் கூலியற்ற நாள்.

ஆதலின் இந்த ஏற்பாடு வேண்டுமா என்பது கேள்வியன்று. திட்ட காலம் முடிந்த பிறகும் இது நிலைக்குமா என்பதே கேள்வி.

இதற்கு விடை தேட நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. மதுரை மாவட்டத்து மேலூருக்குச் சென்றால் போதும். 2001ஆம் ஆண்டில் அவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் இணைய நிலையங்கள் தொடங்கப் பெற்றன. கம்பியில்லாத் தொலைத்தொடர்பு முறையைச் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கித் தந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகிய கல்வி நிலையங்களும் துணை நின்றன. பிறப்பு, இறப்பு, வருமானச் சான்றுகளுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் ஊரிலிருந்தபடியே தாலுகா அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க முடிந்தது. மக்கள் விரும்பி வந்தனர்.

ஆயினும் சில ஆண்டுகளுக்குள் அரசுச் சேவைகள் தளர்ந்து நின்றன; நிலையங்கள் பல மூடப்பெற்றன. ஆர்வம் கொண்ட அதிகாரிகள் மாறுதலாகிச் சென்றனர். பின் வந்தோர்க்கு அதே ஆர்வம் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. விண்ணப்பத்துக்குக் குறித்த காலத்தில் மறுமொழி வாராதபோது, நிலையத்தை நம்பியவர் மீண்டும் பேருந்தேறித் தாலுகாவுக்கே சென்றார். கூட்டம் குறைந்தது, வருவாய் குறைந்தது, பழுது பார்க்கப் பணமில்லை. மத்தியப் பிரதேசத்துத் தார் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கி, உலகப் பரிசும் பெற்ற ஞானதூத் திட்டமும் நாளடைவில் தேய்ந்தது. பரிசு வாங்கிய கருவிக்கும் மின்கலம் மாற்றித்தான் ஆக வேண்டும்!

இதற்கு மாறாகக் கருநாடகத்தின் பூமி திட்டம் நிலைத்தது. ஏறத்தாழ இரண்டு கோடி நில ஆவணங்கள் கணினியில் ஏறியதும், கையால் எழுதிய ஆவணம் செல்லாது என்று அவ்வரசு விதித்துவிட்டது. நகலுக்குச் சிறு கட்டணமும் வைத்தது. சேவை அதிகாரியின் விருப்பத்தைச் சார்ந்திராமல் சட்டத்தைச் சார்ந்து நின்றது; அதன் செலவுக்கு அதுவே ஓரளவு தேடிக்கொண்டது.

நிற்க. பழைய வழியை அடியோடு அடைத்துவிடலாமா எனின், நாம் உடன்பட மாட்டோம். பல ஆண்டுகள் நூலும் சாயமும் பட்டுத் தேய்ந்த நெசவாளரின் விரல்ரேகையைக் கருவி அறிந்துகொள்ள மறுப்பதை நாம் நேரில் கண்டிருக்கிறோம். உழைத்த விரலுக்குக் கிடைக்கும் பரிசு அதுவாகலாமா? 2022ஆம் ஆண்டு டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தையொட்டிக் கரையேறியது. அதன் பின்னர் நாம் பார்வையிட்ட கடலோரச் சங்கமொன்றில் கணினி துணி போர்த்திக் கிடந்தது. மின்சாரம் திரும்பி நெடுநாளாகியும் அது திரும்பவில்லை. உப்புக்காற்று உள்ளே புகுந்திருந்தது. பழுது பார்க்கும் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று செயலாளர்க்குத் தெரியவில்லை. இயக்கத் தெரிந்த ஒரே எழுத்தரும் வேறு வேலைக்குச் சென்றுவிட்டார். அங்கத்தினர் பழையபடி பேருந்துக்குக் காத்து நின்றனர்.

“அரசு கொடுத்தது, அரசே காக்கட்டும்” என்பர் சிலர். இதில் பாதி நியாயம் உண்டு. மென்பொருளும், தகவல்களைக் காக்கும் பொறுப்பும், தாலுகா அலுவலகம் குறித்த நாளில் மறுமொழி தருதலும் அரசின் கடமை. திட்ட காலத்துக்குப் பின்னரும் இவற்றுக்கு நிதி ஒதுக்குமாறு நம் ஒன்றியங்கள் இப்பொழுதே கேட்க வேண்டும். ஆனால் மேசைமேல் இருப்பதைக் காப்பது நம் கடமை.

அதற்கு நாம் சொல்லும் வழிகள் மூன்று. முதலாவது, சேவைக் கட்டணத்தில் சங்கத்துக்கு வரும் பங்கில் ரூபாய்க்கு 25 காசைத் தேய்மான நிதியாகத் தனிக் கணக்கில் வைக்கப் பேரவை தீர்மானிக்கலாம். மாதம் 100 விண்ணப்பம், ஒவ்வொன்றிலும் சங்கத்தின் பங்கு 20 ரூபாய் என எடுத்துக்காட்டாகக் கொண்டால், மூன்று ஆண்டில் 18,000 ரூபாய் சேரும். புதுக் கணினிக்கு இது போதாதிருக்கலாம். மின்கலத்துக்கும் அச்சுப்பொறியின் பழுதுக்கும் பெரிதும் உதவும். வருவாய் குறைந்த சங்கங்கள் அண்டைச் சங்கங்களோடு சேர்ந்து பழுது பார்ப்பவர் ஒருவரைப் பொதுவில் அமர்த்திக்கொள்ளலாம்.

இரண்டாவது, எச்சங்கத்திலும் ஒருவர் மட்டுமே கருவியை அறிந்தவராக இருத்தல் கூடாது. அங்கத்தினர் வீடுகளில் படித்த பெண்மக்கள் பலர் உளர். அவர்களுள் ஒருவரைப் பழக்கி, உரிய ஊதியமும் கொடுத்தால் சங்கத்துக்கு இரண்டாவது கை கிடைக்கும்.

மூன்றாவது, ஒரு கைப்பதிவேடு எப்பொழுதும் இருக்கட்டும். மின்சாரமில்லாத நாளிலும், ரேகை பதியாத விரலுக்கும் விண்ணப்பம் அதில் ஏறட்டும். நாள் குறித்த ரசீது கொடுக்கப்படட்டும். மறுநாள் கணினியில் பதியட்டும். மறுமொழி வந்த நாளையும் அதிலேயே குறித்தால், தாமதம் எங்கே என்பது பேரவைக்குத் தெரியும்.

அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் 1904ஆம் ஆண்டு கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்று தோன்றியது. நாட்டின் முதல் சங்கம் எனப் போற்றப்படுவது அதுவே. அந்நாளில் சங்கத்துக்கென்று இருந்தது பேரேடும் பெட்டியும். அவற்றைக் காத்தவர்கள் அவை தங்களுடையவை என்று எண்ணினார்கள், இயக்கம் வளர்ந்தது. கணினியும் ஒரு பேரேடுதான். அடுத்த பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவரேனும் எழுந்து, “இதன் தேய்மானத்துக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்?” என்று கேட்கட்டும். அக்கேள்வி எழும் சங்கத்தில் கருவி நிலைக்கும்.