5 கதவு ஜீப் வாங்கலாமா? ஷோரூமுக்குப் போறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

சிக்னல்ல நிக்கிறீங்க. பக்கத்துல ஒரு தார் ராக்ஸ் வந்து நிக்குது. கறுப்பு கலர், உயரமான பானெட், பின்னாடி தொங்குற ஸ்டெப்னி. அடுத்த நிமிஷமே போனை எடுத்து விலை தேடுறீங்க. ராத்திரி தூங்கப் போறதுக்குள்ள நாலு ரிவ்யூ வீடியோ, ரெண்டு இ.எம்.ஐ கால்குலேட்டர். இது உங்க கதைன்னா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

இந்த ஆசை உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 2024 அக்டோபர் 3-ம் தேதி தார் ராக்ஸுக்கு புக்கிங் திறந்தபோது, முதல் ஒரு மணி நேரத்தில் 1,76,218 பேர் புக் செய்தார்கள் என்று மஹிந்திரா அறிவித்தது. இத்தனைக்கும் மூன்று கதவு தார் 2020-ல் இருந்தே சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. கூடுதலாக வந்தது என்ன? இரண்டு கதவும், 400 மில்லிமீட்டர் வீல்பேஸும்தான்.

அந்த 400 மில்லிமீட்டருக்குப் பல லட்சம் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

நீளமான ஜீப் நமக்குப் புதுசா?

இல்லவே இல்லை. முன் சக்கரத்தின் மையத்திலிருந்து பின் சக்கரத்தின் மையம் வரை உள்ள தூரம்தான் வீல்பேஸ். பழைய வில்லிஸ் ஜீப்பில் இது 80 அங்குலம், அதாவது சுமார் 2,032 மி.மீ. அது பட்டாளத்துக்காகப் பிறந்த வண்டி. நம் மலையோர ஊர்களுக்கு அது பத்தவில்லை. அதனால்தான் மஹிந்திரா கமாண்டர் போன்ற நீளமான ஜீப்கள் வந்தன. போடி, குமுளி, மூணாறு பக்கம் ஏலத்தோட்டத் தொழிலாளர்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போன வண்டிகள் அவை. அங்கே நீளம் என்பது ஸ்டைல் இல்லை, கூலி. இன்னும் நாலு பேர் ஏறலாம், அவ்வளவுதான்.

இப்போது அதே நீளம் ‘லைஃப்ஸ்டைல்’ என்ற பெயரில் ஏ.சி போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. 2023 ஜூனில் மாருதி ஜிம்னி 5 டோர், 2024 மே மாதம் ஃபோர்ஸ் கூர்க்கா 5 டோர், அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ல் தார் ராக்ஸ். மூன்றுமே ஏற்கெனவே இருந்த குட்டை வண்டியை இழுத்து நீட்டியவைதான். ஜிம்னி 2,250-லிருந்து 2,590 மி.மீ, கூர்க்கா 2,400-லிருந்து 2,825, தார் 2,450-லிருந்து 2,850.

நீட்டினால் என்ன கிடைக்கும்?

முதலில் நல்லதைச் சொல்லிடலாம்.

ஒண்ணு, கதவு. மூன்று கதவு தாரில் முன் சீட்டை மடக்கி, குனிந்து, நுழைந்து பின்னால் உட்காரணும். உங்களுக்கு ஜாலி. அறுபது வயசு அம்மாவுக்கு? பின்கதவு வந்த பிறகுதான் இந்த வண்டி ‘வீட்டு வண்டி’ ஆகும் தகுதியையே பெறுகிறது.

ரெண்டு, டிக்கி. ராக்ஸில் 447 லிட்டர் இடம் இருக்கிறது. நாலு பேரின் பையோடு ஊருக்குப் போய் வரலாம். ஆனால் 5 டோர் என்றாலே இடம் தாராளம் என்று நினைத்துவிட வேண்டாம். ஜிம்னியில் பின்சீட் நிமிர்ந்திருக்கும்போது 208 லிட்டர்தான். சீட்டும் நாலு பேருக்குத்தான்.

மூணு, நெடுஞ்சாலை. வீல்பேஸ் குட்டையாக இருந்தால் மேடு பள்ளத்தில் வண்டி முன்னும் பின்னும் ஆடும். நீளமானால் அந்த ஆட்டம் குறையும். வேகத்தில் நேர்கோட்டில் நிற்கும். சென்னையிலிருந்து மதுரை வரை ஓட்டும்போது இந்த வித்தியாசம் முதுகுக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றை மறக்காதீர்கள். இவை மூன்றும் லேடர் ஃபிரேம் வண்டிகள். பின்னால் கனமான முழு ஆக்ஸில். நகர வேகத்தில் குண்டு குழியில் இறங்கும்போது கிரெட்டா, செல்டோஸ் போல மெத்தென்று போகாது. நீளம் அந்தக் குலுக்கலைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

நாலு, பாதுகாப்பு. இது நீளத்தால் வந்தது இல்லை. ஆனாலும் முடிவெடுக்க முக்கியம். 2024 நவம்பரில் பாரத் என்கேப் சோதனையில் தார் ராக்ஸ் 5 ஸ்டார் வாங்கியது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 32-க்கு 31.09, குழந்தைகளுக்கு 49-க்கு 45.

எதை இழக்கிறோம்?

ஒரு சின்ன மேட்டின் உச்சியில் வண்டி ஏறி நிற்பதாக நினைத்துப் பாருங்கள். முன் சக்கரம் அந்தப் பக்கம், பின் சக்கரம் இந்தப் பக்கம். நடு வயிறு தரையில் தட்டாமல் தாண்ட வேண்டும். எவ்வளவு கூர்மையான மேட்டைத் தாண்டலாம் என்று சொல்வதுதான் பிரேக்ஓவர் ஆங்கிள். மூன்று கதவு தாரில் இது சுமார் 26 டிகிரி. ராக்ஸில் 23.9. முன்பக்கம் ஏறும் கோணமும் பின்பக்கம் இறங்கும் கோணமும் ஏறத்தாழ அப்படியே இருக்க, அடிவயிறுதான் விலை கொடுத்திருக்கிறது.

திரும்புவதிலும் அப்படித்தான். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அரசுப் பேருந்தே ஏறுகிறது, ராக்ஸும் ஏறும். ஆனால் எஸ்டேட் மண்பாதையில், ஒருபக்கம் சரிவு, எதிரில் ஒரு பிக்கப் என்ற நிலையில் குட்டை வண்டி ஒரே முயற்சியில் திரும்பும். நீளமானது ரிவர்ஸ் போடும்.

அப்போ நீள வண்டி ஆஃப்ரோடுக்கு ஆகாதா? அப்படியும் இல்லை. செங்குத்தான ஏற்றத்தில் நீளமான வண்டி பின்னால் சாயும் உணர்வு குறைவாக, நிதானமாக ஏறும். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிறோம்.

இப்போ முக்கியமான கேள்வி

நீங்கள் ஆஃப்ரோடு போகப் போறீங்களா?

நம் ஊரில் அதற்கான இடங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். தனுஷ்கோடிக்கு ஒரு காலத்தில் மணலில் ஜீப்பும் வேனும்தான் போகும். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. இன்று ஆல்டோவும் போகிறது. கொழுக்குமலைக்கு சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்கள் சூரியநெல்லியில் உள்ளூர் வாடகை ஜீப்பில்தான் ஏறுகிறார்கள். பாதையின் ஒவ்வொரு கல்லும் தெரிந்த டிரைவர் அவர். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியை விட்டால் அது சாகசம் இல்லை, வனத்துறை வழக்கு.

‘பாஸ், சென்னை வெள்ளத்துக்கு ஆகும்ல?’ நியாயமான கேள்விதான். ராக்ஸ் 650 மி.மீ தண்ணீர் வரை தாங்கும் என்பது நிறுவனக் கணக்கு, கூர்க்காவுக்கு 700. ஆனால் அது நிதானமாகக் கடந்து போவதற்கான அளவு. தேங்கிய நீரில் ராத்திரி முழுக்க நிறுத்தி வைப்பதற்கு இல்லை. 2024 அக்டோபர் மழை எச்சரிக்கையின்போது வேளச்சேரி மக்கள் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்களே, அந்த முன்யோசனை எந்த கிரவுண்ட் கிளியரன்ஸையும்விட நல்லது. இன்னொன்று: தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து கெடுத்தால், ‘இன்ஜின் புரொடெக்ட்’ கூடுதல் பாலிசி இல்லாவிட்டால் பொதுவாக இன்ஷூரன்ஸில் பணம் வராது.

இன்னும் ஒரு விஷயம், நிறைய பேர் கவனிக்காதது. ராக்ஸ் என்றாலே ஃபோர் வீல் டிரைவ் இல்லை. பெட்ரோலில் அது கிடையவே கிடையாது. டீசலில் குறிப்பிட்ட வேரியன்ட்களில் மட்டும்தான். நீங்கள் வாங்குவது பின்சக்கரத்தால் மட்டும் ஓடும் ராக்ஸ் என்றால், ஈர மணலில் அது சிக்கிக்கொள்ளும். அதை வாங்குவது தப்பில்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கணும், அவ்வளவுதான். ஜிம்னியிலும் கூர்க்காவிலும் ஃபோர் வீல் டிரைவ் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு.

பணத்தைப் பேசுவோம்

2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி மாறியது. நாலு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி, டீசல் என்றால் 1,500 சி.சி-க்குள் இன்ஜினும் இருந்தால் 18% வரி. ஏதாவது ஒன்று தாண்டினாலும் 40%. ராக்ஸ் 4,428 மி.மீ நீளம், அதனால் 40%. ஜிம்னி 3,985 மி.மீ-தான், ஆனால் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், அதனால் அதுவும் 40%. முன்பு இருந்த செஸ் போனதால் விலை குறைந்தது உண்மை. ஆனால் சின்ன கார்களுக்குக் கிடைத்த லாபம் இவற்றுக்குக் கிடைக்கவில்லை.

அதற்கு மேல் தமிழ்நாட்டு வாழ்நாள் வரி. 2023 நவம்பர் திருத்தப்படி 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு 18%, அதற்கு மேல் போனால் 20%. எக்ஸ்-ஷோரூம் 18 லட்சம் என்று வைத்துக்கொண்டால் வரி மட்டும் 3.24 லட்சம். இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன்ரோடு 22 லட்சத்தைத் தொடும்.

கையிலிருந்து 7 லட்சம் போட்டு, 15 லட்சம் கடன் வாங்குகிறீர்கள். 9% வட்டி, 7 வருஷம். மாதம் சுமார் 24,100 ரூபாய். ஏழு வருஷத்தில் வட்டி மட்டும் 5.27 லட்சம், அதாவது வருஷத்துக்கு 75,000.

இதை இப்படிப் பாருங்கள். வாடகைக்கு ஒரு எஸ்.யூ.வி நாளுக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கட்டும் வட்டியில் மட்டும் வருஷத்துக்கு 15 நாள் அதை ஓட்டலாம். அசல், டீசல், சர்வீஸ் எதையும் இதில் சேர்க்கவில்லை. வருஷத்தில் எத்தனை நாள் மலைக்குப் போறீங்க என்பதை போன கேலரியில் தேடி நீங்களே எண்ணிக்கோங்க.

சம்பளம் 60,000 வாங்குகிறவருக்கு 24,100 என்பது ஐந்தில் இரண்டு பங்கு. வேலை மாறணும், ஆறு மாசம் படிக்கணும், அப்பாவுக்கு ஒரு ஆபரேஷன் என்று எது வந்தாலும், முதலில் கழுத்தைப் பிடிப்பது இந்த இ.எம்.ஐ-தான்.

புக் பண்றதுக்கு முன்னாடி 5 வேலை

1. டெஸ்ட் டிரைவுக்கு அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க. நீங்க பின்சீட்டில் ஒரு சுற்று உட்காருங்க. ஏறி இறங்க அம்மாவுக்கு முட்டி வலித்தால், அந்த ரெண்டு கதவால் பிரயோசனம் இல்லை.

2. பார்க்கிங்கை டேப் வைத்து அளங்க. ராக்ஸின் அகலம் 1,870 மி.மீ. அபார்ட்மென்ட்டில் 2.5 மீட்டர் அகல இடம் என்றால் ரெண்டு பக்கமும் ஓர் அடிதான் மிஞ்சும். பின்கதவு பக்கவாட்டில் திறக்கும்; அதற்கும் இடம் விடணும்.

3. டயர் கடைக்குப் போய் ராக்ஸின் 19 அங்குல டயருக்கு விலை கேளுங்க. அதை நாலால் பெருக்கி எழுதி வைங்க.

4. பெரிய டயர், லிஃப்ட் கிட், புல் பார் ஆசையை விடுங்க. வண்டியின் ஒரிஜினல் அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரும்.

5. ஒரு வார இறுதிக்கு அதே வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டுங்க. ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் அதே ஆசை இருந்தால், அது நிஜமான ஆசை.

அப்போ யார் வாங்கலாம்?

தோட்டமோ எஸ்டேட்டோ இருக்கு, மழைக்காலத்தில் மண்பாதைதான் வழி, வீட்டுக்கு ஒரே கார், நாலு பேர் ஏறணும் என்றால் ஃபோர் வீல் டிரைவ் உள்ள 5 டோர் உங்களுக்கு ஆடம்பரமே இல்லை. தாராளமா வாங்குங்க. தனியாகவோ ரெண்டு பேராகவோ காடு மேடு சுற்றுகிறவர் என்றால் குட்டை வீல்பேஸ் வண்டியே போதும். அடிவயிறும் தட்டாது, பர்ஸும் தட்டாது. ஆபீஸ், மால், வருஷத்துக்கு ரெண்டு ஏற்காடு என்றால், அதே பணத்தில் மெத்தென்று போகும் சாதாரண எஸ்.யூ.வி-யோ, பாதிப் பணத்தில் ஹேட்ச்பேக்கோ வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? குருகிராமில் தயாராகும் அதே 5 டோர் ஜிம்னி, 2025 ஜனவரி கடைசியில் ஜப்பானில் அறிமுகமானபோது சில நாள்களில் சுமார் 50,000 ஆர்டர்கள் குவிந்து, புக்கிங்கையே நிறுத்தினார்கள். இங்கே அதை விற்கத் தள்ளுபடி கொடுக்க வேண்டியிருந்தது. வண்டி ஒன்றுதான். அங்கே குறுகலான சாலைக்கு ஏற்ற சின்ன வண்டியாகப் பார்த்தார்கள். இங்கே பெரிய குடும்ப காராக எதிர்பார்த்து, இடம் பத்தலை என்று திரும்பி வந்தோம்.

வண்டியின் தகுதி பாதிதான். மீதிப் பாதி, அது உங்க வீட்டு வாசலில் நின்ற பிறகு செவ்வாய்க்கிழமை காலையில் உங்களுக்கு என்ன செய்கிறது என்பதில்தான் இருக்கு. அந்த செவ்வாய்க்கிழமையை நினைச்சுப் பார்த்துட்டு, அப்புறம் ஷோரூமுக்குக் கிளம்புங்க!