கை நடுங்கினால் காசு கிடையாதா?

நாற்பது வருஷம் தறியில் நாடா எறிந்த கை, நடுக்குவாதம் வந்ததும் தேநீர்க் குவளையைக்கூடப் பிடிக்க முடியாமல் தவிக்கிறது. அந்தத் தொழிலாளி தன் சொந்தப் பணத்தை எடுக்கப் பாங்கிக்குப் போனால், "கையெழுத்து ஒத்துவரவில்லை, போய் வா" என்கிறார்கள். முதியோர் உதவித்தொகை வாங்கும் விவசாயக் கூலிக்கும் இதே கதிதான்.

ரிசர்வ் பாங்கின் விதி அப்படிச் சொல்லவில்லை, தோழர்களே! நோயால் கையெழுத்துப் போட முடியாதவர் பெருவிரல் ரேகை வைக்கலாம். கால்விரல் ரேகையும் செல்லும். அதுவும் முடியாவிட்டால் ஒரு குறி போதும். பாங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்களில் ஒருவர் பாங்கியின் பொறுப்பான அதிகாரியாகவே இருக்க வேண்டும். நோயாளி பாங்கிக்கு வர இயலாதவரானால், பணத்தை யார் வாங்கிவருவது என்பதை அவரே சொல்லலாம். 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் நோயில் நலிந்தவர்களுக்கும் பணத்தை வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்க முயற்சி எடுக்கும்படி 2017 நவம்பர் 9ஆம் தேதிச் சுற்றறிக்கை பாங்கிகளுக்குச் சொன்னது.

ஆனால் இந்த விதியை எத்தனை பேர் அறிவார்கள்? திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை, அதற்கு வைத்தியர், சல்லியக்கிரியை செய்பவர், பணிப்பெண்கள், இருப்பு வைக்க வேண்டிய மருந்துகள் என்று எல்லாம் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. (அதற்கான நெல் உழவனின் வியர்வையில் விளைந்தது என்பது வேறு விஷயம்.) நோயாளிக்குச் சேரவேண்டியது அன்று கல்லில் இருந்தது, இன்று மேலாளரின் மேசை இழுப்பறைக்குள் கிடக்கிறது!

ரேகை என்றாலே நம்மவர்களுக்குக் கூச்சமும் பயமும் உண்டு. வெற்றுப் பத்திரத்தில் வாங்கிய கைநாட்டு காணி நிலத்தையே விழுங்கிய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. 1990களில் அறிவொளி வகுப்பில் இரவில் உட்கார்ந்து கையெழுத்துக் கற்றவருக்கு, மறுபடியும் மைப்பெட்டியா என்று மனம் குன்றத்தானே செய்யும்? ஆனால் சாட்சிகளோடு, தொகை எழுதிய தாளில் வைக்கும் ரேகை அந்தப் பழைய கைநாட்டு அல்ல. தொகை எழுதாத தாளில் மட்டும் வைக்காதீர்கள், பெற்ற மகனே கேட்டாலும் சரி!

நடுக்கம் தொடங்கும்போதே கிளைக்குப் போய்ப் புதிய மாதிரிக் கையெழுத்துக் கொடுத்துவிடலாம். நம்பிக்கையான துணையைச் சேர்த்து, இருவரில் எவரும் எடுக்கும்படி கூட்டுக்கணக்காக மாற்றலாம்.

சங்கத்துக்கும் இதில் வேலை உண்டு. நடுங்கும் முதியவரைத் தனியாக அனுப்பாதீர்கள். இரண்டு பேர் கூடப் போங்கள். மறுத்தால் எழுத்து மூலம் பதில் கேளுங்கள், புகாரையும் எழுதியே கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.