வெள்ளி எங்கே இருக்கிறது?

கிழமைகள் எத்தனை?

"ஏழு" என்று பிள்ளைகள் உடனே சொல்லுவார்கள்.

"வெள்ளியைக் காட்டு" என்றால்? காலண்டரைக் காட்டுவார்கள்!

காட்ட வேண்டியது வானத்தை.

ஞாயிறு, சூரியன். திங்கள், சந்திரன். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகிய ஐந்தும் கிரகங்கள். ஐந்தையும் வெறும் கண்ணால் பார்க்கலாம். காசு வேண்டாம், கருவி வேண்டாம்.

கீழ்பென்னாத்தூருக்கு மேற்கே திருவண்ணாமலை இருக்கிறது. மாலையில் சூரியன் அந்தப் பக்கம் இறங்கியதும் வானத்தைப் பார்க்க வேண்டும். நட்சத்திரங்கள் வருமுன்பே மேற்கில் பளிச்சென்று ஓர் ஒளி தெரிந்தால், அது பெரும்பாலும் வெள்ளி. வெள்ளிக் கிரகத்தை மேகம் மூடியிருக்கிறது. அந்த மேகம் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் அந்தப் பிரகாசம்! சில மாதம் அது மாலையில் வராது. விடியற்காலையில் விடிவெள்ளியாக வரும்.

நட்சத்திரம் மினுமினுக்கும். கிரகம் அநேகமாக மினுக்காது. இதுவே அடையாளம்.

இரண்டும் ஒன்றாக...

2020 டிசம்பர் 21 மாலை, தென்மேற்கு வானில் வியாழனும் சனியும் ஒட்டி நின்றன. இடைவெளி, முழு நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான்! அவை அவ்வளவு நெருங்கியது, அதற்கு முன் 1623-ல். பார்வைக்குத்தான் நெருக்கம். உண்மையில் அவற்றுக்கு நடுவே 70 கோடி கிலோமீட்டருக்கு மேல் தூரம்.

இரண்டும் சுமார் 20 ஆண்டுக்கு ஒரு முறை சந்திக்கின்றன. அடுத்த சந்திப்பு 2040-ல்.

போட்டோ எடுக்கலாம்

செல்போனே போதும். சூரியன் மறைந்து அரை மணி நேரம் ஆகட்டும். போனைச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டும். விரல் பட்டால் படம் அசையும். ஆகவே டைமர் வைப்பது நல்லது. ஓரத்தில் ஒரு பனைமரம் இருந்தால் படம் அழகாக இருக்கும்.

ஓர் எச்சரிக்கை: சூரியன் முழுவதும் மறையும் வரை, பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது. கண் போய்விடும்.

பள்ளிகள் செய்யட்டும்

திருவண்ணாமலைக்கு அப்பால் ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்கே பெரிய வானாராய்ச்சி நிலையம் உண்டு. 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்று தெரியவந்தது. அந்தக் கண்டுபிடிப்பில் காவலூருக்கும் பங்கு உண்டு. இவ்வளவு பெருமை பக்கத்திலேயே இருந்தும், வெள்ளியைப் பார்த்தறியாத பிள்ளைகள் இருக்கலாமா?

பள்ளியில் கரும்பலகையில் வட்டம் போட்டுக் கிரகங்களைச் சொல்லித் தருகிறார்கள். நல்லது. ஆனால், மாலையில் பள்ளி மூடிய பிறகுதான் வானம் திறக்கிறது!

மாதத்தில் ஒரு நாள், பொழுது சாய்ந்தபின் பள்ளி மைதானத்தில் பாடம் நடக்கட்டும். பெற்றோரும் உடன் வரட்டும். மைதானத்து விளக்குகளை அரை மணி நேரம் அணைத்து வைக்கட்டும். வேறு செலவு இல்லை.

அதற்குப் பிறகு "வெள்ளி எங்கே?" என்று கேட்டால், பிள்ளையின் விரல் காலண்டருக்குப் போகாது. வானத்துக்குப் போகும்.