சாவி யாருகிட்ட?

ஊருக்குப் பூங்கா போட மானியம் வருதாம். சேரிப் பிள்ளைகளும் வரலாமாம், இயற்கைக் கல்வியும் உண்டாம். 'அனைவருக்குமான பசுமை' என்று தாளில் எழுதியிருக்கிறது. தோழர்களே, இந்த 'அனைவர்' யார் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

1981இல் சுவீடன் நாட்டு உதவிப் பணத்தோடு தமிழகத்தில் சமூகக் காடுகள் திட்டம் வந்தது. ஏரி உள்வாய்களில் கருவேலம் நட்டார்கள். எங்க ஏரியிலும் நட்டார்கள். குழி வெட்டியது எங்க ஆயா. கன்னு பெருசாகிற வரைக்கும் ஆடு உள்ளே போகக்கூடாதுன்னு காவல் போட்டாங்க. ஊர்க்காரனுக்கு மேய்க்க வரப்பு இருந்தது, எங்களுக்கு அந்தப் புறம்போக்கு ஒண்ணுதான். மரம் முத்தினதும் ஏலம். ஏலம் கேக்க முன்பணம் எவன்கிட்ட இருந்தது? வெட்டுக் கூலிக்குத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். சுள்ளி பொறுக்கின ஆயாவைத் திருடின்னான் ஒருத்தன். அவ நட்ட மரம்!

எந்த மழைக்கு எந்தக் கீரை முளைக்கும், ஏரி வத்தும்போது விரால் எந்தச் சேத்துல பதுங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இயற்கைக் கல்வி நடத்த அவளைக் கூப்பிடுவார்களா? புல்லுச் செதுக்கக் கூப்பிடுவார்கள்.

இடம் இல்லையென்றால் 1892 முதல் எங்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறதென்று பாருங்கள். அதைக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994இல் இரண்டு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது.

மானியம் வேணாம்னு சொல்லலை. பூங்கா சேரிக்குள்ளே வரட்டும். சாவி எங்க பொம்பளைங்க கையில இருக்கட்டும். ஊர்ப் பிள்ளைகளும் வந்து விளையாடட்டும், எத்தனை பேரை அனுப்புறாங்கன்னு பார்ப்போம்.