பூட்டுப் படமும் புஸ்வாணமும்

வடசேரி சந்தையில் ஒரு கட்டு முருங்கைக்காய்க்கு முக்கால் மணி நேரம் பேரம் பேசக்கூடியவர் என் அத்தான். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். ஏத்தங்குலையைத் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, கடைசியில் "இருக்கட்டும்டே, நாளைக்கு வாறேன்" என்று வெறுங்கையோடு திரும்பிவிடுவார். அப்பேர்ப்பட்ட ஆசாமியிடம் 4,800 ரூபாயை ஒருத்தன் முகத்தைக்கூடக் காட்டாமல் ரெண்டே நிமிஷத்தில் கறந்துவிட்டான் என்றால் நம்புவீர்களா?

விஷயம் பட்டாசு. தீபாவளிக்கு மஸ்கட்டிலிருந்து பேரப் பிள்ளைகள் வருவதாக ஏற்பாடு. அத்தான் மொபைலில் வில்லுப்பாட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு விளம்பரம்: 'சிவகாசி நேரடி விலை! 90 சதவீதத் தள்ளுபடி!'

தள்ளுபடியைப் பார்த்து அவர் உஷாராகியிருக்க வேண்டாமா என்று கேட்காதீர்கள். சிவகாசியில் நிஜக் கடைக்காரர்களே ஒரு விலையை அச்சடித்து, பக்கத்திலேயே 80 சதவீதம் தள்ளுபடி என்று போடுவது வழக்கம். போதாததற்கு, 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட், பட்டாசை ஆன்லைனில் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. அதிலிருந்து வெப்சைட்டில் 'ஆர்டர்' என்ற வார்த்தையையே காணோம். 'விசாரணை', 'எஸ்டிமேட்' என்று ஏதோ பெயரில் பட்டியல் அனுப்பினால், வாட்ஸப்பில் ஆள் வருவார், ஜீபேயில் பணம் கேட்பார். நல்லவனும் இப்படித்தான் செய்கிறான், கள்ளனும் இப்படித்தான் செய்கிறான். எப்படிப் பிரித்துப் பார்ப்பது? 2024 தீபாவளிக்கு முன்னால் தமிழ்நாடு போலீஸின் சைபர் க்ரைம் பிரிவு இந்தப் பட்டாசு மோசடியைப் பற்றி எச்சரிக்கையே விட்டது. அத்தான் பேப்பரில் முதலில் படிப்பது மரண அறிவித்தல். அதற்கப்புறம் தூக்கம் வந்துவிடும்.

பார்சல் வரவில்லை. போன் அடித்தால் எடுப்பாரில்லை. அஞ்சு நாள் கழித்து அக்காதான் விஷயத்தை உடைத்தாள். காலேஜில் படிக்கும் என் மகளை அழைத்துக்கொண்டு போனேன்.

"அட்ரஸுக்குப் பக்கத்துல பூட்டுப் படம் இருந்துச்சே மக்கா! பூட்டு இருந்தா பயமில்லேன்னு ஆரோ சொன்னாவளே!"

"அந்தப் பூட்டு, நீங்க அனுப்புகத நடுவழியில வேற ஆளு படிக்க முடியாதுன்னுதான் சொல்லும் மாமா. அந்தப் பக்கம் இருக்கவன் கள்ளனா, நல்லவனான்னு சொல்லாது. கள்ளனுக்கும் ஓசியிலயே கெடைக்கும்."

பிறகு அவள் ஒரு வேலை செய்தாள். வெப்சைட் பெயர் எந்தத் தேதியில் பதிவானது என்று காட்டும் 'ஹூ ஈஸ்' பக்கத்தில் தேடினாள். மூன்று தலைமுறையாகப் பட்டாசு விற்கும் அந்தக் கடைக்கு வயசு பத்தொன்பது நாள்! அடியில் போட்டிருந்த ஜி.எஸ்.டி. நம்பரைப் பார்த்தாள். தமிழ்நாட்டுக் கடையென்றால் 33 என்று ஆரம்பிக்க வேண்டும். இது 08. அதாவது ராஜஸ்தான். கணக்கு வாத்தியார் முகம் கறுத்துவிட்டது.

"பைசா அனுப்பும்போ யாரு பேரு வந்துச்சு மாமா?"

"கடை பேரு இல்ல. ஏதோ ஒரு ஆளுக்க பேரு. மொதலாளியா இருக்கும்னு நெனச்சேன்…"

இன்னொன்றையும் அப்போதுதான் சொன்னார். நாலாம் நாள் ஒரு போன் வந்ததாம்: 'உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணி ரகசிய நம்பரைப் போடுங்கள்.' போட்டார். இன்னொரு 900 போயிற்று. பணம் நம்மிடம் வருவதற்கு ரகசிய நம்பர் எதற்கு? போவதற்குத்தான் அது வேண்டும்!

எனக்குக் கோபம் வந்தது. "அத்தான், அன்னைக்கே 1930-க்கு ஒரு போன் போட்டிருந்தா, பைசா கை மாறதுக்குள்ள பேங்குல முடக்கிப் போட வழி உண்டே! அஞ்சு நாளா வாய மூடிட்டா இருப்பிய?"

அத்தான் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தடை இருக்குல்லா… வாங்கினவன்னு என்னையப் புடிச்சு உள்ள போட்டா? அதுவும் போக, ஸ்டேஷன்ல இருக்க பயலுவள்ல பாதிப் பேரு எங்கிட்ட படிச்சவன்…"

தடை விற்பவனுக்குத்தான், ஏமாந்தவருக்கு இல்லை என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது. 1930-ஐக் கூப்பிட்டோம். புகாரைப் பதிவு செய்து நம்பர் கொடுத்தார்கள். பணம் அதற்குள் நாலைந்து கணக்குகளில் குட்டிக்கரணம் அடித்திருந்தது. மறுநாள் நாகர்கோவில் சைபர் க்ரைம் ஸ்டேஷனுக்கும் போனோம். அவர் பயந்தபடியே ஒரு பழைய மாணவர். எழுந்து நின்று நாற்காலி போட்டார். "சார், நேத்துகூட ஒரு பேங்க் மேனேஜர் வந்துட்டுப் போனாரு" என்றார். அத்தானுக்குப் பாதி உயிர் திரும்பியது.

பேரப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். கோட்டாறில் வழக்கமான பட்டாசுக் கடைக்கு அத்தானோடு நானும் போனேன். பில் 3,150. அத்தான் ஒரு வார்த்தை பேசாமல் நோட்டை எண்ணி வைத்தார். கடைக்காரர் பணத்தைத் தொடவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்:

"வாத்தியாருக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"