தோளில் சுண்ணாம்பு: முதலில் எக்ஸ்ரே, பிறகு எம்.ஆர்.ஐ.

மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை எறிபவருக்குத் தோள்தான் முதலீடு. வலையின் ஒரு பகுதியைத் தோளில் போட்டு, உடம்பைத் திருப்பி, கையை உயர்த்தி வீச வேண்டும். அந்தக் கை ஒருநாள் உயர மறுத்தால் எண்ணெய், பரியாரி, மாத்திரை என்று நாள் கழியும். கடைசியில் யாராவது, "எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்க" என்பார்கள்.

வலிக்குக் காரணம் தசைநாணில் படிந்த கல்சியமாக இருந்தால், அந்த யோசனை தலைகீழானது.

30 முதல் 60 வயது வரை உள்ளோரிடம், அதிலும் பெண்களிடம் கூடுதலாக, தோளின் மேற்பக்கத் தசைநாணில் இப்படிவு உண்டாகிறது. கடும் உழைப்புதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. கல்சியம் இருக்கிறது என்று பாலையும் நெத்தலியையும் நிறுத்தவும் தேவையில்லை. பலருக்கு உடலே படிவைக் கரைத்துவிடும்; கரையும் அந்தக் கட்டத்தில்தான் வலி உச்சத்துக்குப் போகும்.

இந்தப் படிவைச் சாதாரண எக்ஸ்ரே வெள்ளையாகக் காட்டிவிடும். அல்ட்ராசவுண்டும் காட்டும், அதைப் பார்த்தபடியே ஊசி செலுத்திப் படிவைக் கழுவி எடுக்கவும் முடியும். வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் தசைநாணும் கறுப்பு, கல்சியமும் கறுப்பு: கறுப்புச் சேலையில் கறுப்பு நூல் வேலை. சுற்றியுள்ள வீக்கத்தைத் தசைநாண் கிழிசல் என்று பிழையாக வாசிக்கும் ஆபத்தும் உண்டு. கிழிசலுக்கும் படிவுக்கும் சிகிச்சை வேறு வேறு.

இக்குறையைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. காந்தப் புலத்தில் கல்சியமும் இரத்தத்தின் இரும்பும் எதிரெதிராக நடந்துகொள்கின்றன. அந்த வேறுபாட்டைப் படமாக்கும் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற முறை மூளையின் நுண்ணிய இரத்தக்கசிவுகளைக் காணப் பல காலமாகப் பயன்படுகிறது. பெர்லினின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் அதைத் தோளில் சோதித்து, எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டு, 2016இல் 'ரேடியாலஜி' இதழில் எழுதினார்கள். வழக்கமான எம்.ஆர்.ஐ.யை விட அது படிவுகளைத் தெளிவாகக் காட்டியது. இம்முறை ஏற்கெனவே உள்ள பல இயந்திரங்களில் சில நிமிடக் கூடுதல் பதிவுதான்.

ஆகவே கிழிசல் சந்தேகத்திலோ சத்திரசிகிச்சைக்கு முன்னோ தோளுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது, வசதியுள்ள இடங்களில் இந்தப் பதிவையும் சேர்க்க வேண்டும். அறிக்கை எழுதுபவரின் முன்னால் எக்ஸ்ரேயும் இருக்க வேண்டும்.

அதைவிட முந்தியது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் தேவை. மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதை எனும் மிதவையில் வாவியைக் கடந்து களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கு வருபவருக்கு, அன்றே எக்ஸ்ரேயும் தோளை அல்ட்ராசவுண்டில் பார்க்கப் பழகிய ஒருவரும் கிடைக்க வேண்டும். வாழைச்சேனை, ஏறாவூர் வைத்தியசாலைகளுக்கும் இதுவே பொருந்தும். சுகாதாரத் திணைக்களம் புதிய இயந்திரத்துக்கு முன் இந்தப் பயிற்சிக்கே பணம் ஒதுக்கட்டும்.