ஒரே தொழுவம், வெவ்வேறு தொட்டி



மைசூருவில் சாமுண்டி மலையடிவாரத்திலுள்ள பிஞ்சராபோலை உங்களில் அநேகர் அறிவீர்கள். சென்னைவாசிகள் இத்தகைய இடத்தைப் பசுமடம் என்பர். கைவிடப்பட்ட மாடுகளே அங்கே பிரதானம். ஆயினும் நகரங்களில் அடைக்கலம் தேடி நிற்பவை மாடுகள் மாத்திரமல்ல. ஆடு, கோழி, வாத்து, முயல் ஆகியவையும் உண்டு.

அவை எப்படி அந்நிலைக்கு வருகின்றன? பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நாம், பிள்ளைகள் அழுகிறார்களே என்று சந்தையில் சாயம் பூசிய கோழிக்குஞ்சை வாங்குகிறோம். அவற்றில் பெரும்பாலானவை முட்டையிடாது என்று பொரிப்பகம் கழித்துவிட்ட சேவல் குஞ்சுகள். தப்பிப் பிழைத்த ஒன்று விடியற்காலையில் கூவத் தொடங்கியதும் வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். அப்பொழுதுதான் காப்பகத்தின் நினைவு நமக்கு வருகிறது!

அங்கே எல்லாம் ஒன்றாய்க் கூடி மகிழ்ந்திருக்கும் என்று எண்ணுகிறோம். நாட்காட்டிப் படங்கள் நமக்குக் கற்பித்தது அது. உண்மையில், ஒரே வேலிக்குள் வைப்பதற்கு முன் பிரித்து வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளாட்டுக்குத் தாமிரச் சத்து அதிகம் தேவை. அதே தாதுக்கலவையைச் செம்மறியாடு தொடர்ந்து தின்றால், தாமிரம் ஈரலில் சேர்ந்து ஒருநாள் அதைக் கொன்றுவிடும். கோழித்தீவனத்தை வெள்ளாடு வயிறு முட்டத் தின்றால் இரைப்பையில் அமிலம் பெருகிச் சாகக்கூடும். ஆகவே கோழி மட்டும் நுழையத்தக்க சிறு வாசல் வைத்து, அதற்குள் தீவனத்தை வைக்கிறார்கள். கோழி நோயின்றிச் சுமக்கும் ஒரு கிருமி வான்கோழிக்கு எமனாகும்; அவ்விரண்டையும் ஒன்றாய் அடைப்பது தகாது. முயலுக்கோ ஆட்டின் குளம்பே ஆபத்து.

புதிதாய் வந்ததைச் சில வாரங்கள் தனியே வைப்பதும் இதனால்தான். ஆட்டுக்கொல்லி நோய் செம்மறியிலிருந்து வெள்ளாட்டுக்கும், வெள்ளாட்டிலிருந்து செம்மறிக்கும் தாவும். வெள்ளைக்கழிச்சல் கண்ட ஒரு கோழி கொட்டில் முழுவதையும் காலியாக்கிவிடும்.

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் மேய்ப்பன் செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் பிரிக்கிறதை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். உவமையின் பொருள் வேறு. அதை இங்கே விரிக்கவில்லை. கலந்து மேய்ந்த மந்தையைப் பிரிப்பது மேய்ப்பனுக்கு அன்றாட வேலை என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஆனால் பிரிப்பது தனிமைப்படுத்துவதல்ல. இங்கிலாந்தின் பாப்ரஹாம் ஆய்வு நிலையத்தார் 2001-இல் வெளியிட்ட ஆய்வின்படி, செம்மறியாடு 50 ஆடுகளின் முகங்களை இரண்டு ஆண்டுகள் வரை நினைவில் வைத்திருக்கும். நம் மைசூரு மாவட்டத்துப் பன்னூர் செம்மறியைப் பார்த்திருப்பீர்கள். குட்டைக் கால், உருண்ட உடல். அதைத் தனியே ஒரு மூலையில் கட்டிவைத்தால், தின்ன எவ்வளவு இருந்தாலும் கத்திக்கொண்டே இருக்கும். அதற்குத் தன் இனத்தில் ஒரு துணையாவது வேண்டும்.

ஆகவே ஒரு பிராணியை ஒப்படைக்க எண்ணுகிறவர்கள் இரவோடிரவாக வாசலில் விட்டுவிட்டு வராமல், முதலில் தொலைபேசியில் விசாரியுங்கள். தனியே வைக்க இடம் உண்டா, அதன் இனத்தார் அங்கே உண்டா என்று கேளுங்கள். கூடுமானால் ஒரு மூட்டைத் தீவனமும் கொண்டுபோங்கள். கோழி ஐந்து முதல் எட்டு ஆண்டுகளும், ஆடு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளும் வாழக்கூடும். அத்தனை காலமும் யாரோ ஒருவர் அதற்குத் தீவனம் வாங்கியாக வேண்டும்.